கலந்தாய்வில் எந்த மாவட்டம் எடுக்கலாம்? வெளி மாவட்டத்தில் குடியிருந்தவர்கள் சொல்லுங்கள்

வடுவூர்_வாத்து:

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 4-ல் இளநிலை உதவியாளர் பதவிக்கு எனக்கு வாய்ப்பு வந்திருக்கிறது, அடுத்த மாதம் கலந்தாய்வு. ரேங்க் நடுவாந்திரம்தான், அதனால் என் முறை வருவதற்குள் திருவாரூர், தஞ்சாவூர் எல்லாம் காலியாகிவிடும் என்று முன்னாடியே போனவர்கள் சொல்கிறார்கள். வருவாய்த் துறையில் கோயம்புத்தூர், செங்கல்பட்டு, கன்னியாகுமரி, ராமநாதபுரம், இதில் ஏதாவது ஒன்று கிடைக்கலாம்.

நான் மன்னார்குடி. பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான், வெளியில் இருந்தது என்றால் சென்னையில் விடுதியில் மூன்று மாதம், அவ்வளவுதான். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் பாமணி ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டு வளர்ந்தவள். அம்மா இங்கே தனியாக இருப்பார், மாதம் இரண்டு தடவையாவது வந்து போகணும். மாமா ஒருத்தர் "ராமநாதபுரம் மட்டும் எடுக்காதே, அது தண்ணியில்லாக் காடு, தப்பு பண்ணவங்களைத்தான் அங்க மாத்துவாங்க" என்கிறார். அவர் அந்தப் பக்கம் போனது ஒரே ஒரு தடவை, தாத்தாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரத்துக்கு.

சுற்றுலாப் போனவர்கள் அனுபவம் வேண்டாம், ப்ளீஸ். வீடு பிடித்து, சமைத்து, ஒரு வருஷமாவது இருந்தவர்கள் சொல்லுங்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு வீடு தருவார்களா, அதையும்.

மூட்டைமுடிச்சு:

வாழ்த்துகள்மா. நான் வந்தவாசிப் பக்கம், இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஈரோடு, நாகர்கோவில், ராமநாதபுரம் மூன்றிலும் குடும்பத்தோடு இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் நாகர்கோவில். போன முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்டக்டர் "பைய எறங்குங்க, பைய எறங்குங்க" என்றார். நான் "பை எங்கிட்டதான் இருக்கு சார்" என்று தூக்கிக் காட்டினேன். பஸ்ஸே சிரித்தது. பைய என்றால் மெதுவாக. அன்றைக்கு ஆரம்பித்து ஆறு மாதம் எனக்கு இப்படித்தான் போனது. மரவள்ளிக் கிழங்கு அங்கே மரச்சீனி, கைலி அங்கே சாரம். இதெல்லாம் வீட்டளவில் வேடிக்கை, ஆபீஸில் வேடிக்கையாக இருக்காது. அந்த மாவட்டம் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் நம்மோடு சேர்ந்தது, அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி. பழைய நில ஆவணங்கள் பல மலையாளத்தில் இருக்கும். யாராவது தாத்தா காலத்துப் பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஆபீஸில் யார் என்று தேடிப் போகணும். மழை ஜூனிலும் பெய்யும், அக்டோபரிலும் பெய்யும். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றுதான் கணக்கு, அங்கே துணி காயப்போட்டு எடுப்பதே தனி வேலை. மற்றபடி நான் இருந்ததில் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர் அதுதான். ஆனால் மன்னார்குடியிலிருந்து ரொம்பத் தூரம்மா. மாதம் இரண்டு தடவை என்பது முதல் மூன்று மாதம் நடக்கும், அப்புறம் நடக்காது.

ராமநாதபுரத்துக்கு நானும் அழுதுகொண்டேதான் ஆர்டர் வாங்கினேன். தண்ணீர்க் கஷ்டம் உண்மை, மறைக்கவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் வாசலில் தள்ளுவண்டி நிற்கும், ஆறு எட்டுக் குடம் வைக்கிற மாதிரி இரும்பில் செய்தது. எங்களுக்கும் வீட்டுக்காரம்மாவே பழையது ஒன்றைக் கொடுத்தார்கள். சாயங்காலம் நானும் பையனும் அதைத் தள்ளிக்கொண்டு போவோம், நாலு குடம் நிறையும்வரை அங்கே நின்று பேசிப் பேசித்தான் எனக்கு அந்தத் தெருவே பழக்கமானது. என் மனைவி இன்றைக்கும் போனில் பேசுகிற சிநேகிதிகள் மூன்று பேரும் அந்தக் குழாயடிப் பழக்கம்தான். ஈரோட்டில் நான்கு வருஷம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பேர் எனக்குத் தெரியாது.

வேலையில் ஒன்று சொல்லி வைக்கிறேன். நீர்நிலைக்கு ஊருக்கு ஊர் பேர் வேறு. எங்கள் பக்கம் ஏரி, ராமநாதபுரத்தில் கண்மாய், குடிக்கிற தண்ணீர் நிற்பது ஊரணி, தெற்கே குளம் என்றால் அது பாசனக் குளம், உங்கள் ஊர் மாதிரி குளிக்கிற குளம் இல்லை. நான் ஒரு ஆக்கிரமிப்பு மனுவுக்குக் குறிப்பு எழுதும்போது கண்மாய் என்று வருகிற இடத்தில் எல்லாம் பழக்கத்தில் ஏரி, ஏரி என்று எழுதித்தள்ளிவிட்டேன். மேலதிகாரி ஒவ்வொரு ஏரியையும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார். பதினொரு ஏரி.

பல்லாவரம்_வெயில்:

செங்கல்பட்டு கிடைத்தால் யோசிக்காமல் எடு என்று நூறு பேர் சொல்வார்கள். எடுங்கள், ஆனால் சென்னைப் பக்கம் வீடு பார்த்தீர்கள் என்றால் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்று ஆரம்பிப்பார்கள், முதல் சம்பளம் வருவதற்கு முன்னாடியே கடன். காலி பண்ணும்போது பெயிண்ட் அடிக்க என்று அதில் ஒரு பிடி பிடிப்பார்கள். குடிக்கக் கேன், குளிக்க லாரி. போர் தண்ணீரில் குளித்து எனக்கு முடி போனதுதான் மிச்சம் (அப்பாவுக்கும் வழுக்கைதான், அது வேறு விஷயம்). ஒரே நல்லது, உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கெட்டதும் அதுதான்.

சாரல்_தென்காசி:

நான் தென்காசி, ஆறு வருஷமாகக் கோவையில் வேலை. தனியாக வந்து வீடு தேடிய பெண் என்பதால் அந்தக் கேள்விக்கு மட்டும் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறேன்.

வீடு தருவார்கள். ஆனால் அதற்கு முன் நீ யார் என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள், அது தமிழ்நாட்டில் எங்கே போனாலும் உண்டு, கேட்கிற விதம்தான் மாறும். எங்கள் ஊர்ப் பக்கம் "எந்தத் தெரு?" என்பார்கள், தெருவைச் சொன்னால் முடிந்தது. சென்னையில் என் அக்காவிடம் "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று சுற்றிவளைத்தார்கள். கோவையில் எனக்கு "குலதெய்வம் எந்த ஊருங்க?" என்று வந்தது, அவ்வளவு மரியாதையாக, காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துக்கொண்டே. முதல் தடவை அதன் அர்த்தம் புரியாமல் குலதெய்வத்தின் கதையையே முழுசாகச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து "வீட்டை ஒறம்பரைக்கே விட்டுட்டோமுங்க" என்று போன் வந்தது. ஒறம்பரை என்றால் சொந்தக்காரர்கள். ஐந்தாவது வீடுதான் அமைந்தது, இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை அனாவசியமாகக் கேட்டதில்லை, காய்ச்சல் என்றால் ரசம் வரும். ஆக "கோவைக்காரர்கள் இப்படி" என்று நான் சொல்ல மாட்டேன், "ங்க" போட்டுப் பேசுவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதே என்று சொல்வேன். எங்கள் ஊரில் "ஏ பிள்ள, இங்கன வா" என்பதும் பாசம்தான், முதலில் கேட்பவர்களுக்குத் திட்டுகிற மாதிரி இருக்கும்.

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு காற்று வரும் பார், ஃபேன் போடாமல் தூங்கலாம். அப்புறம் தண்ணீர்: இங்கே வீட்டில் இரண்டு குழாய் இருக்கும், நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்பது சிறுவாணி அல்லது பில்லூர், அது ஏரியாவைப் பொறுத்து இரண்டு நாளுக்கு ஒரு தரமும் வரலாம், வாரத்துக்கு ஒரு தரமும் வரலாம். வீடு பார்க்கும்போது எத்தனை நாளுக்கு ஒரு தரம் வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்காதே, எதிர் வீட்டில் கேள்.

மன்னார்குடிக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் உன் ஊர். அம்மாவுக்காக என்றால் என் ஓட்டு கோவைக்கு.

ஊரணிக்கரை:

பரமக்குடிக்காரன் ஒருத்தன் வாய் திறக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. தண்ணியில்லாக் காடு என்று சொல்பவர்கள் மாவட்டத்தை ஒரே துண்டாக நினைக்கிறார்கள். வைகைக் கரையில் இருக்கிற பரமக்குடியும், கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து மானாவாரி நிலமும், ராமேஸ்வரமும் ஒன்றா? ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் ஊரில் பச்சையைப் பார்க்கணும். நெல் அறுத்த பிறகு முண்டு மிளகாய் காயப்போட்டிருப்பார்கள் பாருங்கள், ரோட்டோரம் களம் முழுக்கச் சிவப்பு, பஸ் ஜன்னலை மூடினாலும் தும்மல் வரும். மீன் கேட்கவே வேண்டாம், மன்னார்குடியில் ஐஸில் பார்த்த மீனை இங்கே துள்ளத் துள்ளப் பார்க்கலாம்.

இன்னொன்று, யாரும் மேப்பை எடுத்துப் பார்க்கவில்லை போல. மன்னார்குடியிலிருந்து பட்டுக்கோட்டை, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம். பகலில் பஸ்ஸிலேயே வந்துவிடலாம். நீங்கள் சொன்ன நாலில் உங்கள் அம்மாவுக்குப் பக்கம் எங்கள் ஊர்தான் தங்கச்சி.

மிளகாய்க் காலத்தில் சித்திரை வெயில் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சரி, அது கொடுமைதான்.

மூட்டைமுடிச்சு:

ஊரணிக்கரை சொல்வது சரி, தூரத்தை நான் விட்டுவிட்டேன். ஈரோட்டைப் பற்றியும் ஒரு குறை வைத்துவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாது என்று. ஆனால் ஆடி முதல் தேதி அவர் வீட்டுப் பையன்கள்தான் என் மகனைக் கூட்டிப்போய்த் தேங்காய் சுடச் சொல்லிக் கொடுத்தார்கள். நாரை மழமழவென்று சுரண்டி, கண்ணைத் துளைத்து, பாசிப்பருப்பும் எள்ளும் வெல்லமும் அரிசியும் உள்ளே திணித்து, குச்சியில் குத்தித் தீயில் வாட்டுவார்கள். ஓடு வெடிக்கிற சத்தம் வந்ததும் பிள்ளையாருக்கு வைத்துவிட்டுச் சாப்பிடணும். வந்தவாசியில் அப்படி ஒரு நோம்பியே கிடையாது. ஊர் மாறி வந்த பிறகும் ஆடி பிறந்தால் மொட்டைமாடியில் அடுப்பு மூட்டுகிறான், கீழ்வீட்டில் புகை என்று சண்டை.

வடுவூர்_வாத்து:

எல்லோருக்கும் நன்றி. மூட்டைமுடிச்சு சார், பதினொரு ஏரியைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். அம்மாவுக்கு முழுசும் வாசித்துக் காட்டினேன். மேப்பில் பட்டுக்கோட்டை, தொண்டி வழியைக் காட்டியதும் அம்மா மாமாவுக்குப் போன் போட்டு "நீ கடைசியா எப்ப ராமநாதபுரம் போன?" என்று கேட்டார், அவர் பேச்சை மாற்றிவிட்டார். வரிசை இப்போது கோயம்புத்தூர், ராமநாதபுரம். கன்னியாகுமரிக்கு மனசு போகிறது, தூரம் விடவில்லை. என் முறை வரும்போது எது மிச்சம் இருக்கிறதோ பார்க்கலாம்.

சாரல் அக்கா, அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த நல்ல தண்ணி வராத நாளில் சமையலுக்கு என்ன செய்வீர்கள்?

சாரல்_தென்காசி:

பிடித்து வைக்கணும். எங்கள் வீட்டு அடுப்படியில் நாலு குடம், ஒரு டிரம். தீர்ந்துபோனால் சாதத்தை உப்புத் தண்ணியில் வைத்துவிடலாம், வெந்துவிடும், கொஞ்சம் கடுக்கும். பருப்பு மட்டும் எத்தனை விசில் விட்டாலும் வேகாது, அதற்குக் கேன் தண்ணிதான். அம்மாவிடம் சொல்.