தைலீரியாவுக்குப் பெயர் தந்த ஆர்னால்டு தைலர்: ஆய்வாளரா, கல்லூரி கட்டியவரா?

கேள்வி (கால்நடை மருத்துவம், மூன்றாம் ஆண்டு மாணவன்):
அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் உண்ணிக் காய்ச்சல் கண்ட ஒரு கலப்பினப் பசுவைப் பார்த்தோம். தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டி எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது. காது நுனியில் எடுத்த ரத்தத் தடவலில் சிவப்பணுக்களுக்குள் தைலீரியா என்ற ஒட்டுண்ணி தெரிந்தது. அந்தப் பெயருக்கு உரியவரான ஆர்னால்டு தைலரைப் பற்றிப் பாடநூலில் ஒரு வரிதான் இருக்கிறது. அவரை ஆய்வாளராக நினைப்பதா, கல்வி நிறுவனத்தை உருவாக்கியவராக நினைப்பதா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்):
தம்பி, இரண்டையும் பிரிக்க முடியாத வாழ்க்கை அது. 1867இல் சுவிட்சர்லாந்தின் ஃபிரிக் என்ற ஊரில் பிறந்து, பெர்னிலும் சூரிச்சிலும் படித்து, 1891இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலுக்குப் போன தைலர், பிழைப்புக்காக ஒரு பண்ணையில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் இடது கையைப் பறிகொடுத்தார். மாட்டைத் தொட்டும் அழுத்தியும் பார்த்தே நோயறிய வேண்டிய தொழிலில் இதைவிடப் பெரிய இடி வேறில்லை. 1893இல் தங்கச் சுரங்கப் பகுதியில் பெரியம்மை பரவியபோது தடுப்பு மருந்து தயாரித்துக் கொடுத்துத்தான் அவர் தலை நிமிர்ந்தார். 1896இல் மாடுகளின் கொள்ளை நோயான வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) வந்து மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தபோது, நேட்டால் பகுதியின் கால்நடை மருத்துவர் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டுடன் சேர்ந்து, நோயிலிருந்து மீண்ட மாடுகளின் சீரத்தை (ரத்தத்தின் தெளிநீரை) கொண்டு பாதுகாப்பளிக்கும் முறையை ஆராய்ந்தார். டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் நடந்த போயர் போரில் தோற்ற தரப்பின் கால்நடை மருத்துவராக இருந்தவரை, வென்ற பிரிட்டிஷார் வேலையில் வைத்துக்கொண்டதோடு 1914இல் சர் பட்டமும் கொடுத்தார்கள்.

பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஆண்டர்ஸ்டெபோர்ட் ஆய்வகம் 1908இல் எழுந்தது. அதுவரை கால்நடை மருத்துவம் படிக்க விரும்பிய தென்னாப்பிரிக்கர் கப்பலேறித்தான் ஆக வேண்டும். 1920இல் ஆய்வகத்தோடு ஒட்டியே கல்விப்புலம் தொடங்கியபோது அதன் முதல் புலத்தலைவரும் அவரே. 1924இல் முதல் அணி பட்டம் பெற்று வெளியே வந்தது.

மறுமொழி 2 (ஆராய்ச்சி மாணவி):
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த வேலை தைலீரியா அல்ல, மாடுகளை முடக்கிப் போட்டுக் கொன்ற லாம்சீக்தே நோய்தான். வறுமைச் சமவெளி என்று பொருள்படும் ஆர்மூட்ஸ்ஃப்ளாக்தே என்ற பண்ணையில், நன்றாக மேயும் மாடுகள்கூடச் செத்த விலங்குகளின் எலும்பைத் தேடித் தேடிக் கடித்தன. மண்ணில் பாஸ்பரஸ் குறைவு, அதனால் புல்லிலும் குறைவு, அந்தப் பசிக்கு எலும்பு; அழுகிய எலும்பில் போட்டுலிசக் கிருமியின் நச்சு. தைலரும் வேதியியலாளர் கிரீன் உள்ளிட்ட சகாக்களும் இந்தச் சங்கிலியை அவிழ்த்த பிறகு, எலும்புத் தூளைத் தீனியாகக் கொடுத்தே மாடுகளைக் காக்க முடிந்தது. இன்று நாம் தாது உப்புக் கலவையை வலியுறுத்தும்போது சொல்லும் காரணமும் ஏறக்குறைய இதுதான்.

மறுமொழி 3 (கால்நடை உதவி மருத்துவர்):
ஒரு திருத்தம், ஒரு மனக்குறை. தைலர் 1904இல் விவரித்தது கிழக்காப்பிரிக்கக் கடற்கரைக் காய்ச்சலின் ஒட்டுண்ணியான தைலீரியா பார்வா. நம் பசுக்களைப் பிடிப்பது தைலீரியா அனுலேட்டா, அது வேறு இனம். பேரினத்துக்கு அவர் பெயரை 1907இல் சூட்டியவர்கள் போர்ச்சுகீசிய ஆய்வாளர்கள். மனக்குறை என்னவென்றால், அந்தக் காய்ச்சலை ஒழிக்க வந்த மாட்டு நடமாட்டத் தடையும் உண்ணிகளைக் கொல்லும் கட்டாய மருந்துக் குளியலும் கறுப்பின மாடு வளர்ப்போர் மீது எவ்வளவு கனமாக விழுந்தன என்பதைப் பாராட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக 1951இல் நோபல் பெற்ற மாக்ஸ் தைலர் இவருடைய மகனா?

மறுமொழி 1:
ஆமாம் தம்பி, 1899இல் பிரிட்டோரியாவில் பிறந்தவர். மகள் கெர்ட்ரூட் உண்ணிகளையே ஆராய்ந்து பெயர் பெற்றார்.