ஆய்வு முறையியலை எனக்குப் படிப்பித்த விறாந்தைகள்

போசணை படிக்கும் தம்பி தங்கச்சிமார் இந்த முறை வெளிக்கள வேலைக்குப் போகப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால் எழுதுகிறேன். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளைப் பிறகும் பழகலாம். வீட்டுக்காரர் சொல்லாமல் விட்டதை எந்தக் கணக்கும் திருப்பித் தராது.

முந்தின நாள் முழுக்கச் சாப்பிட்டதைக் கேட்டு எழுதுகிற 24 மணிநேர உணவு நினைவுகூரல், வகுப்பில் ஒரு பக்கக் குறிப்பு, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து வேலணையில் ஒரு ஆச்சியிடம் கேட்டபோது, "நான் என்னத்தைச் சாப்பிட்டனான் பிள்ளை, மத்தியானம் ஒரு பிடி சோறும் சொதியும்தான்" என்றார். அதை எழுதிக்கொண்டு எழும்பியிருந்தால் அவர் பட்டினி கிடந்ததாகத்தான் வினாக்கொத்தில் இருந்திருக்கும். சரி, முறைப்படியே போவோம் என்று முதலில் குறுக்கிடாமல் சொல்லவிட்டு, பிறகு மறந்தவற்றை, நேரத்தை, அளவை என்று சுற்றுச் சுற்றாகக் கேட்டு, கடைசியில் முழுவதையும் ஒருக்கால் வாசித்துக் காட்டினேன். விடியத் தேத்தண்ணியோடு கடித்த பனங்கட்டி, பேரன் மிச்சம் விட்ட இடியப்பம், பின்னேரம் அவித்த பனங்கிழங்கு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஆச்சி எதையும் ஒளிக்கவில்லை, அவருக்கு அவையெல்லாம் சாப்பாட்டுக் கணக்கிலேயே இல்லை. "பால் குடிச்சனீங்களோ?" என்று கேட்டால் மரியாதைக்காகவே ஓம் என்பார்கள். "அதுக்குப் பிறகு என்ன செய்தனீங்கள்?" என்று வேலையைக் கேளுங்கள், சாப்பாடு தானாக வரும்.

நாள் விஷயம் இதைவிட முக்கியம். விரிவுரை இல்லாத நாள் என்று எங்கள் குழு எல்லா வீடுகளையும் சனிக்கிழமைக்குப் போட்டிருந்தது. அட்டவணையைப் பார்த்த விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சனிக்கிழமை கேட்டால் எந்த நாள் சாப்பாடு வரும்?" வெள்ளிக்கிழமை! சைவ வீடுகளில் பெரும்பாலும் அன்றைக்கு மரக்கறிதான். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற சனம் மீனே தின்பதில்லை என்று அறிக்கை எழுதியிருப்போம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், கந்தசஷ்டியும் இப்படித்தான், ஆகவே தேதி போடமுன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். இன்னொன்று, ஒரு நாள் நினைவுகூரலை வைத்து ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்லலாம், ஒரு தனி ஆளின் வழமையான உணவைச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு பகுதிப் பேரிடமாவது வேறொரு நாளில் திரும்பக் கேட்க வேண்டும்.

அளவு எடுப்பதில் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது ஒடியல் கூழ். ஒரே பானைக்குள் மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கின் மா) எல்லாம் கிடக்கும், ஒருவர் நண்டோடு குடிப்பார், மற்றவருக்கு வெறும் கூழ்தான் வரும். காய்ச்சமுன் ஒவ்வொன்றையும் நிறுத்து, காய்ச்சிய பிறகு மொத்தத்தையும் நிறுத்தோம். அப்புறம் அவர்கள் குடித்த அதே கோப்பையில் அந்த மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, அதை அளவுச்சாடியில் ஊற்றிப் பார்த்தோம். "ஒரு கோப்பை" என்பது வீட்டுக்கு வீடு எவ்வளவு மாறுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பெண்களின் உணவுப் பன்மையை, 10 உணவு வகைகளில் ஒரு நாளில் குறைந்தது 5 வகை சாப்பிட்டார்களா என்று பார்ப்பவர்களும் இந்த அளவைக் கவனிக்க வேண்டும், 15 கிராமுக்குக் குறைந்தால் அந்த வகை கணக்கில் சேராது, சொதியில் மிதக்கும் நாலு முருங்கையிலையைக் கீரை என்று புள்ளி போட முடியாது.

சம்மதப் படிவத்தை அவசரப்படுத்தவே வேண்டாம். இடம்பெயர்ந்து, எத்தனையோ பதிவுகளுக்குப் பெயர் கொடுத்துக் களைத்த சனத்திடம் தெரியாத ஒரு பிள்ளை தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் பயம் வரும்தானே. ஏன் கேட்கிறோம், தாள் யாரிடம் இருக்கும், நடுவில் வேண்டாம் என்றால் நிறுத்தலாம் என்பதை முதலில் வாயால் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் சாப்பாட்டைக் கேட்காதீர்கள், கிணற்றடிக்கோ குசினிக்கோ போய்க் கேளுங்கள், பதில் வேறாக இருக்கும்.

கூழின் அளவை வேறு விதமாக எடுத்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், நண்டு ஓட்டின் நிறையை எப்போது கழித்தீர்கள் என்பதையும் சேர்த்து.