பத்திரம் முடிந்தும் விற்றவர் காலி செய்ய மறுக்கிறார்

கேள்வி:
முழுப் பணமும் கொடுத்து, கிரயப் பத்திரம் பதிவாகி மூன்று மாதம் ஆகிறது. விற்றவர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். "பையனுக்குப் பரீட்சை, பத்தே நாள்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன், எழுதி வாங்கவில்லை. பரீட்சை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது, "விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டேன், கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்" என்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தால் கேட்டில் தொங்கும் அவர் பெயர்ப் பலகைக்குப் புதுப் பெயின்ட்! வயிறு எரிந்தது. இங்கே வாடகையும் கட்டுகிறேன், வங்கித் தவணையும் கட்டுகிறேன். மின் இணைப்பு என் பெயருக்கு மாறிவிட்டது. ஃபியூஸைப் பிடுங்கிவிடட்டுமா?

பதில்:
வேண்டாம் சார். வீடு உங்களுடையதுதான், ஆனால் உள்ளே இருப்பது அவர். கரண்டைப் பிடுங்கினால், பூட்டை மாற்றினால், அவர் நீதிமன்றத்துக்கு ஓடித் தடை உத்தரவு கேட்பார். நியாயம் உங்கள் பக்கம் இருக்க, பதில் சொல்லும் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். முதலில் பத்திரத்தில் சுவாதீனம், அதாவது வீட்டை உங்கள் கையில் ஒப்படைப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
'இன்றைய தேதியில் சுவாதீனம் ஒப்படைத்தேன்' என்று இருக்கிறது. ஒரு சாவிகூட என் கைக்கு வரவில்லை!

பதில்:
எல்லாரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் வரி அதுதான். இருந்தாலும் உங்களுக்கு உதவும்: ஒப்படைத்துவிட்டு, உங்கள் அனுமதியில் தங்கியிருக்கிறார் என்று சொல்லலாம். வக்கீல் நோட்டீஸில் அந்த அனுமதியை ரத்து செய்து, காலி செய்யத் தேதி குறிப்பிடச் சொல்லுங்கள். இடையில் "வாடகையாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று பணம் அனுப்பினால் தொடாதீர்கள். அப்புறம், 'நான் வாடகைதாரர்' என்பார், கதை வேறு பக்கம் போய்விடும். வழக்கு என்று வந்தால் வீட்டோடு, அவர் இருந்த நாட்களுக்கு இழப்பீடும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் வாடகை ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். வேறு யாரையும் குடிவைக்காமல் இருக்க இடைக்காலத் தடையும் கேட்கலாம்.

இன்னொருவர்:
நான் வாங்கியபோது கடைசித் தொகையைச் சாவி கைக்கு வந்த பிறகுதான் கொடுத்தேன். விற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், போகட்டும். உங்களுக்கு இனி அது உதவாது. ஆனால் அவர் போகவிருக்கும் வீடு தயாரா என்று விசாரியுங்கள். அங்கே வேலை முடியாமல் கிடந்தால், "கூடுதல் பணம்" வெறும் சாக்காக இருக்கும். அப்படியானால் காலி செய்யும் தேதியை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மறுத்தால் நோட்டீஸ்.

கேட்டவர்:
விசாரித்தேன். புது வீட்டில் இன்னும் தரையே போடவில்லையாம். எழுதித் தரமாட்டேன் என்கிறார். நாளை நோட்டீஸ் போகிறது. பெயர்ப் பலகையையும் தேதியோடு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.