வேற்றுக்கோளில் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் திறக்குமுன் என்ன பார்ப்பார்கள்?

அல்சூர்வாசி:
பெங்களூரில் இருந்துகொண்டு ஒரு கதை எழுதுகிறேன். கப்பல் பழுதாகி நாலு பேர் செவ்வாய் மாதிரி ஒரு கோளில் மாட்டிக்கொள்கிறார்கள், மூன்றாம் நாள் வெளியே இறங்கியே ஆகவேண்டும். எட்டாவது படிக்கும் என் மகள் "கதவைத் திறக்குமுன் அவங்க என்ன பார்ப்பாங்கப்பா?" என்று கேட்டாள். கதை அங்கேயே நிற்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பீன்யாக்காரன்:
முதலில் உடைதான் சார். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உடையில் காற்றேற்றி, கழுத்து வளையம், மணிக்கட்டு வளையம் ஒவ்வொன்றிலும் கசிவு இருக்கிறதா என்று அழுத்தமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அப்புறம் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்து ரத்தத்தில் இருக்கும் நைட்ரஜனை வெளியேற்றணும், இல்லாவிட்டால் உடையின் குறைந்த அழுத்தத்தில் அது குமிழியாகி மூட்டெல்லாம் வலிக்கும். விண்வெளி நிலையத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள். இந்தக் காத்திருப்பையே ஒரு அத்தியாயமாக எழுதுங்கள்.

மல்லேஸ்வரம்_தமிழ்:
தூசியை விட்டுவிடாதீர்கள்! 1972இல் அப்பல்லோ 17 போனபோது நிலாத்தூசி உடையோடு உள்ளே வந்து விண்வெளி வீரர் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கடைப்பே வந்தது. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதை 2008இல் அங்கே இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டது, அது தைராய்டைக் கெடுக்கும். திரும்பி வரும்போது வாசலிலேயே உடையைத் துடைக்கட்டும்.

பீன்யாக்காரன்:
ஆமாம், அதுவும் சரி. இன்னொன்று, ஆக்சிஜனை அங்கேயே தயாரித்துக்கொள்வார்கள் என்று சுலபமாக எழுதிவிடாதீர்கள். செவ்வாயில் ஓடும் பெர்சிவியரன்ஸ் ஊர்தியில், அங்குள்ள காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்க வைத்த மாக்ஸி கருவி 2023 வரை மொத்தமாகத் தயாரித்ததே 122 கிராம்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே சுமார் 840 கிராம் வேண்டும்.

அல்சூர்வாசி:
ரொம்ப நன்றி. இன்றைக்கு ராத்திரியே மகளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.