லிம்பர்லாஸ்ட் வீட்டுக்குப் போய் வந்தேன்

ஃபோர்ட் வேனுக்கு வேலை மாறி வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பழைய புத்தகத்தைக் கையில் திணித்து, இந்தியானாவில் இருந்துகொண்டு இதைப் படிக்காமல் இருக்கலாமா என்றார். ஜீன் ஸ்ட்ராட்டன்-போர்ட்டர் 1909இல் எழுதிய ‘ஏ கேர்ள் ஆஃப் த லிம்பர்லாஸ்ட்’. லிம்பர்லாஸ்ட் என்பது இந்தப் பக்கம் இருந்த ஒரு பெரிய சதுப்புநிலத்தின் பெயர். ஒரு காலத்தில் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்ற எழுத்தாளர், நான் பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை.

எல்நோரா என்ற ஏழைப் பெண், சதுப்புநிலத்தில் அந்துப்பூச்சிகளைப் பிடித்து விற்று அந்தக் காசில்தான் உயர்நிலைப் பள்ளி படிக்கிறாள், ஏனென்றால் அம்மா ஒரு காசு தர மாட்டாள். தொகுப்பு முழுமையாக இன்னும் ஒரே ஒரு மஞ்சள் பூச்சி வேண்டும், அது கண்ணெதிரே வந்த நேரத்தில் அம்மாவே அதை நசுக்கிவிடுகிறாள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் கழித்துத்தான் எடுக்க முடிந்தது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை ஜெனீவா ஊருக்குக் கிளம்பிவிட்டேன், தெற்கே ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஸ்ட்ராட்டன்-போர்ட்டர் வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது, 1895இல் கட்டிய 14 அறை மரவீடு. உள்ளே நின்றபோதுதான் அவர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்று உறைத்தது. குளியலறையையே இருட்டறையாக்கிக்கொண்டு, வான்கோழி பரிமாறும் பெரிய தட்டுகளில் தான் எடுத்த புகைப்படங்களை அலசியிருக்கிறார். பிணந்தின்னிக் கருங்கழுகு ஒன்றின் குஞ்சை முட்டையிலிருந்து வளரும்வரை படம் எடுக்க, வெயிலும் நாற்றமும் பார்க்காமல் கணவரோடு சேற்றில் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார். 1904இல் வந்த ‘ஃபிரக்கில்ஸ்’ நாவலில் அந்தக் கழுகுகளும் வருகின்றன. பதிப்பாளருக்குப் பணம் தந்தது நாவல்தான், இவர் எழுத ஆசைப்பட்டது பறவையையும் பூச்சியையும் பற்றி, அதனால் இது ஒன்று அது ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். 1912இல் வந்த அந்துப்பூச்சிப் புத்தகத்தைப் பார்த்தால் அவர் மனசு எங்கே இருந்தது என்று தெரியும்.

வெளியே வந்தால் சுற்றிலும் சோள வயல். சுமார் 13,000 ஏக்கர் சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்து, உள்ளே இருந்த மரத்தையும் எண்ணெயையும் எடுத்து, அவர் கண்ணெதிரேயே முடித்துவிட்டார்கள். 1913 வாக்கில் அவர் வடக்கே ரோம் சிட்டியில் சில்வன் ஏரிக்கரைக்குக் குடிபோனார். 1990களில் உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் நிலத்தை வாங்கி மறுபடி தண்ணீர் நிற்கவிட்டார்கள், அந்த லாப்லாலி சதுப்பில் நாணல் நடுவே அரை மணி நேரம் நின்றேன், தவளைச் சத்தம் மட்டும்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கலிபோர்னியா போனபின் 1921இல் எழுதிய ‘ஹெர் ஃபாதர்ஸ் டாட்டர்’ ஜப்பானியர்மீது வெறுப்பைக் கக்கும் நாவல். வகுப்பில் முதலாவதாக வரும் ஒரு ஜப்பானிய மாணவன்தான் அதில் வில்லன். ஆசிய முகத்தோடு இந்த நாட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற எனக்கு அது நிஜமாகவே வலித்தது. பூச்சியிடம் அவ்வளவு கருணை காட்டியவர் இப்படி எழுதினாரே என்ற கோபம் இன்னும் போகவில்லை, ஆனாலும் எல்நோராவை விட முடியவில்லை.

1924 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் அவருடைய கார் டிராமில் மோதி இறந்துபோனார், வயது 61. 1999இல் அவரையும் மகளையும் சில்வன் ஏரிக்கரைக் காட்டுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அங்கே இன்னும் போகவில்லை. உங்களில் யாராவது வசந்தத்தில் போயிருந்தால் எந்த வாரத்தில் காட்டுப்பூக்கள் நிறைய இருக்கும் என்று சொல்லுங்கள், பாட்டியையும் அழைத்துப் போக வேண்டும்.