துருவக் கடலோரச் சேற்றில் ஈயமும் நிக்கலும்: இயற்கையா, மாசா?

கேள்வி:
முதுகலையில் புவி வேதியியல் படிக்கிறேன். துருவக் கடலோரப் படிவுகளில் ஈயம், துத்தநாகம், நிக்கல் ஆகியவை மிகுந்திருப்பதாக வாசித்தேன். ஆலையோ நகரமோ இல்லாத கரைகளில் இவை எங்கிருந்து வருகின்றன? அளவு மிகுந்திருந்தாலே அதை மாசு எனக் கொள்ளலாமா?

மறுமொழி 1:
கொள்ளக் கூடாது. பனியாறு தான் நகரும் வழியிலுள்ள பாறையை மாவாக அரைத்துக் கடலில் சேர்ப்பதால், பசால்ட் எனும் எரிமலைப் பாறைகள் நிறைந்த கரையில் மனிதர் கால் படாவிட்டாலும் நிக்கலும் குரோமியமும் மிகுந்தே இருக்கும். நுண்ணிய சேற்றில் உலோகம் கூடுதலாகவும் மணலில் குறைவாகவும் தங்கும். எனவே சேற்றின் நுண்மைக்கேற்ப மாறும் அலுமினியத்தோடு உலோகத்தின் விகிதம் கண்டு, அதை அவ்விடத்துப் பாறையோடும் தொழிற்புரட்சிக்கு முன் படிந்த ஆழ் அடுக்கோடும் ஒப்பிடுங்கள். புவியோட்டின் உலகச் சராசரியை மட்டும் வைத்துக் கணக்கிட்ட செறிவுக் காரணியை (உலோகம் இயல்பைவிட எத்தனை மடங்கு என்று காட்டும் எண்ணை) நான் நம்புவதில்லை.

மறுமொழி 2:
ஐயமற்ற மாசுக்குக் கிரீன்லாந்தின் மார்மோரிலிக் சான்று. அங்கே 1973 முதல் 1990 வரை இயங்கிய ஈய, துத்தநாகச் சுரங்கம், தாது பிரித்த கழிவுச் சேற்றை அஃபார்லிகாசா எனும் ஃபியர்டின் (செங்குத்தான கரைகளுக்கிடையே நீளும் குறுகிய கடற்கழியின்) அடியில் விட்டது. ஃபியர்டின் வாயிலில் நீரடித் திட்டு இருப்பதால் கழிவு உள்ளேயே அடங்கிக் கிடக்கும் என்று எண்ணினார்கள். ஆனால் ஈயம் எதிர்பார்த்ததைவிட எளிதாகக் கரைந்தது. குளிர்காலத்தில் மேல்நீரும் அடிநீரும் கலந்தபோது வெளி ஃபியர்டுக்கும் பரவியது. கரைப்பாறைகளில் ஒட்டி வாழும் மட்டிகளில் ஈயம் ஏறியதால், அவற்றைச் சேகரிக்க வேண்டாம் என்று அப்பகுதி மக்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி உண்டவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே இதை நான் காண்கிறேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சுரங்கமே இல்லாத அண்டார்க்டிகாவில் மாசு எப்படி வருகிறது?

மறுமொழி 3:
அங்கே பெரும்பாலும் ஆய்வு நிலையங்களின் பழைய குப்பைதான் காரணம். ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்தருகே தாலா பள்ளத்தாக்கில் கொட்டிய கழிவுகளின் ஊடே கோடைதோறும் உருகுநீர் பாய்ந்து, ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றைப் பிரவுன் விரிகுடாவுக்குக் கொண்டுசென்றது. 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் நெறிமுறை எனும் அண்டார்க்டிகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு உடன்படிக்கை சுரங்கத் தொழிலைத் தடைசெய்ததோடு, பழைய குப்பைமேடுகளைத் துப்புரவாக்கும் கடமையையும் விதித்தது. அதன்படி 2003–04 கோடையில் தாலா பள்ளத்தாக்குக் குப்பை அகற்றப்பட்டது. கடலடிச் சேற்றை அப்படி அள்ளிவிட முடியாது. கிளறினால் அடங்கியிருக்கும் உலோகமும் நீரில் கலக்கும்.

ஆய்வு செய்யும்போது மொத்த அளவோடு நிறுத்திவிடாமல், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும் பகுதியையும் அளந்துவிடுங்கள். உயிரினங்களுக்கு எட்டக்கூடிய உலோகம் எவ்வளவு என்பதை ஓரளவு காட்டுவது அந்த அளவுதான்.