நாமக்கல்லிலிருந்து ஸ்ரீநகர் வரை லாரிப் பயணம்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓடும் லாரி ஓட்டுநர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன். என் அப்பாவும் அந்தச் சாலையில் ஓட்டியவர். அவர் சொல்லாமல் விட்ட கதைகளைத் தேடித்தான் போகிறேன்.

கையில் ஒரு போன், ஒரு காலர் மைக், அவ்வளவுதான். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளைப் படம்பிடித்துவிட்டேன். இனி பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, டெல்லி வழியாக லாரியிலும், செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் கார்களிலும் போக வேண்டும். டீசலுக்கு என் பங்கைக் கொடுத்துவிடுவேன்.

நாக்பூரிலிருந்து ஜான்சி வரைதான் யாரையும் தெரியாது. அந்தப் பக்கம் லோடு ஏற்றிப் போகும் அண்ணன்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், ஓடும் லாரியில் எஞ்சின் இரைச்சல் பேச்சையே விழுங்கிவிடுகிறது. பேட்டியை தாபாவில் வைத்துக்கொள்வதா, வேறு வழி உண்டா? குளிர்காலத்தில், ஸ்ரீநகருக்கு முன்னால் மலைப்பாதையில் வரும் பனிஹால் ஊர்ப் பக்கம் பனியால் சாலை அடைபடும்; அதற்குள் போய்ச் சேர வேண்டும்.